மேசியா யார்? வேதாகமத்தின் சாட்சியைப் படிப்படியாக ஆராய முழுமையான வழிகாட்டி

மேசியா யார் என்பதற்கு வேதாகமம் தரும் சாட்சியை ஒருவர் தாமே படித்து, தம் கையெழுத்தில் தொகுத்து, கேட்பவருக்கு விளக்கும் நிலைக்கு வருவதற்கான வேலைமுறை இது. வேதபாட வகுப்புகளில் பலமுறை இதைச் செய்து பார்த்ததில், புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் வசனம் தெரியாமை அல்ல என்பதைக் கண்டேன். அவர்கள் வசனங்களை எடுக்கும் வரிசையே அவர்களைத் தடுமாற வைக்கிறது. ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாமல் செல்வது நல்லது.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

ஒத்துவாக்கியக் குறிப்புகள் அச்சிடப்பட்ட பரிசுத்த வேதாகமம் ஒன்று வேண்டும். புதிய ஏற்பாட்டு எழுத்தாளர் ஒருவர் பழைய ஏற்பாட்டு வசனத்தை எடுத்தாளும்போது அந்த வசனம் எங்கே இருக்கிறது என்பதை அந்தக் குறிப்புகளே காட்டும். இரண்டாவதாக, திருவிவிலியம் என்ற மற்றொரு தமிழ் மொழிபெயர்ப்பையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மொழிபெயர்ப்பை மட்டும் படிக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவு எது, மூலத்தில் உள்ளது எது என்று பிரித்தறிய வழியில்லை. இந்த வழிகாட்டியில் வரும் மேற்கோள்கள் பழைய திருப்புதலை, அதாவது ‘பரிசுத்த வேதாகமம்’ என்று அச்சாகிவரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைச் சேர்ந்தவை.

200 பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விரித்தால் இடப்பக்கம் பழைய ஏற்பாட்டுப் பகுதிக்கு, வலப்பக்கம் அதைப் புதிய ஏற்பாடு எடுத்தாளும் இடங்களுக்கு. இடப்பக்கம் நிறையும்வரை வலப்பக்கத்தில் பேனா வைக்கக்கூடாது. மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டவர்கள் யாரும் நான் பார்த்தவரையில் பாதி தூரத்தைத் தாண்டவில்லை.

எபிரெயமும் கிரேக்கமும் தெரிந்திருக்கவேண்டியதில்லை. விளக்கவுரை நூல்களை மூடியே வையுங்கள்; கடைசியில் திறக்கலாம். முதலிலேயே திறந்தால், விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடும் மாணவனின் நிலைதான். ஒரு அமர்வுக்கு ஒரு பகுதி போதும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

2. கேள்வியை இரண்டாகப் பிரித்தல்

தெசலோனிக்கேயில் மூன்று ஓய்வுநாட்களில் பவுல் செய்ததை அப்போஸ்தலர் 17:3 சொல்லுகிறது: கிறிஸ்து பாடுபடவும் மரித்தோரிலிருந்து எழுந்திருக்கவும் வேண்டியதென்றும், “நான் உங்களுக்கு அறிவிக்கிற இந்த இயேசுவே கிறிஸ்து” என்றும் காண்பித்தார். இந்த வாக்கியத்துக்குள் இரண்டு தனித்தனிக் கூற்றுகள் இருக்கின்றன.

முதற்கேள்வி: வேதவாக்கியங்களின்படி மேசியா எப்படிப்பட்டவராக இருக்கவேண்டும்? இரண்டாவது: நாசரேத்தூர் இயேசு அவர்தானா? முதற்கேள்விக்குப் பழைய ஏற்பாட்டின் வாசகம் ஆதாரம். இரண்டாவதற்கு இயேசுவின் வாழ்க்கை, செயல், மரணம், உயிர்த்தெழுதல் பற்றிய சாட்சி ஆதாரம்.

இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பவர் தமக்கே தெரியாமல் வட்டம் சுற்றுவார். பிறருக்காகப் பாடுபடும் தாசனைப் பாடும் ஏசாயா 53 இயேசுவைப் பற்றியது, ஏனெனில் இயேசு மேசியா. இயேசு மேசியா, ஏனெனில் ஏசாயா 53 அவரைப் பற்றியது என்று அவருடைய வாதம் சுழலும். எதிரில் இருப்பவர் கவனமுள்ளவரானால் இரண்டே கேள்விகளில் இதைக் கண்டுபிடித்துவிடுவார். நோட்டில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 1 அல்லது 2 என்று எண்ணிடுங்கள். அந்த வரி எந்தக் கேள்விக்கு விடை என்பது தெளிவாக நிற்கும்.

3. ‘மேசியா’ என்ற சொல்லைத் தீர்த்துக்கொள்ளுதல்

ஒரு சொல் வேதாகமத்தில் வரும் இடங்களைப் பட்டியலிடும் ஒத்துவாக்கிய அகராதியில் ‘மேசியா’ என்று தேடத் தொடங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். பழைய திருப்புதலில் அந்தச் சொல் தானியேல் 9:25, 26, யோவான் 1:41, 4:25 போன்ற மிகச் சில இடங்களில்தான் அந்த வடிவிலேயே வருகிறது. மற்ற இடங்களில் அதே எபிரெயச் சொல் ‘அபிஷேகம்பண்ணப்பட்டவர்’, ‘அபிஷேகம்பண்ணினவர்’ என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே ‘அபிஷேகம்’ என்ற சொல்லைத் தேடுங்கள்.

தேடினால் அடுத்த திகைப்பு வரும். கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர் என்று தாவீது 1 சாமுவேல் 24:6இல் சொல்வது, தன்னைக் கொல்லத் துரத்திய சவுலை. லேவியராகமம் 4:3இல் அது ஆசாரியனைக் குறிக்கிறது. ஏசாயா 45:1இல் பெர்சிய அரசனாகிய கோரேசே கர்த்தர் அபிஷேகம்பண்ணினவன். இஸ்ரவேலின் தேவனை அறியாத அந்நிய ராஜாவுக்கு இந்தப் பட்டமா என்று வகுப்பில் எப்போதும் ஒருவராவது கேட்பார். கேட்கவேண்டிய கேள்விதான் அது.

காரணம் எளிது. அந்தச் சொல் முதலில் ஒரு பணியைக் குறிக்கும் பொதுச்சொல். ஒரு வேலைக்கென்று எண்ணெய் பூசி நியமிக்கப்பட்டவர் யாரும் அந்தப் பெயருக்கு உரியவர். பிற்காலத்தில்தான் அது வரவிருக்கும் ஒருவருக்குரிய பட்டமாகக் குவிந்தது. ஆகவே ‘அபிஷேகம்’ என்ற சொல் வருகிற இடமெல்லாம் அந்த ஒருவரைப் பற்றியதல்ல. மறுபுறம், ஏசாயா 53 போல அந்தச் சொல்லே வராத இடங்களும் அவரைப் பற்றிய முக்கியப் பகுதிகளாக வாசிக்கப்படுகின்றன.

‘கிறிஸ்து’ என்பது அதே சொல்லின் கிரேக்க வடிவம். புதிய ஏற்பாட்டில் 500க்கும் மேற்பட்ட தடவை வருவதால், அது இயேசுவின் இரண்டாம் பெயர்போல நம் காதில் தேய்ந்துபோயிற்று. இந்தப் படிப்பு முடியும்வரை, ‘கிறிஸ்து’ என்று வரும் இடங்களில் ‘அபிஷேகம்பண்ணப்பட்டவர்’ என்று வாய்விட்டு மாற்றி வாசியுங்கள். மாற்கு 8:29இல் பேதுரு சொல்வது எவ்வளவு பெரிய கூற்று என்பது அப்போதுதான் காதில் விழும்.

4. புதிய ஏற்பாட்டில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுதல்

ஆதியாகமத்திலிருந்து வரிசையாக மேசியாவைத் தேடிக்கொண்டு வருவதே முறை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படித் தொடங்கியவர்கள் லேவியராகமத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அல்லது தேடும் ஆர்வத்தில் ஒவ்வொரு மரத்துண்டிலும் சிலுவையைக் காணத் தொடங்கிவிடுகிறார்கள்.

அதைவிட, புதிய ஏற்பாடு பெயர் சொல்லியோ “எழுதியிருக்கிறபடி” என்றோ எடுத்தாளும் பகுதிகளை முதலில் பட்டியலிடுங்கள். அப்போஸ்தலர்களே சுட்டிக்காட்டிய இடம் என்பதால், அது பொருந்துமா என்ற விவாதத்துக்கு ஒரு தெளிவான தொடக்கம் கிடைக்கிறது. முதல் சுற்றுக்கு எட்டுப் பகுதிகள் போதும்: உபாகமம் 18:15–19, 2 சாமுவேல் 7:12–16, சங்கீதம் 16, சங்கீதம் 110, ஏசாயா 52:13–53:12, ஏசாயா 61:1–2, தானியேல் 7:13–14, மீகா 5:2.

இவை லூக்கா 24:44இல் இயேசு குறிப்பிடும் மூன்று பிரிவுகளையும், அதாவது மோசேயின் நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசிகள், சங்கீதங்கள் ஆகியவற்றைத் தொடுகின்றன. தானியேலை மட்டும் எபிரெய வேதாகமம் தீர்க்கதரிசிகளோடு வைக்காமல், சங்கீதங்கள் உள்ள மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது.

5. ஒவ்வொரு பகுதியையும் அதன் சொந்த இடத்தில் வாசித்தல்

இதுதான் மிக நீண்ட படி. அவசரப்படக்கூடாத படியும் இதுவே. இடப்பக்கத்தில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: பேசுகிறவர் யார், கேட்கிறவர்கள் யார், எந்தச் சூழ்நிலை, முதலில் கேட்டவர்கள் இதை யாரைப் பற்றியதாகப் புரிந்திருப்பார்கள்? வசனத்துக்கு முன்னும் பின்னும் ஒரு முழு அதிகாரமாவது வாசிக்கவேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். “எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்” என்ற ஓசியா 11:1ஐ, இயேசு எகிப்திலிருந்து திரும்பியதைப் பற்றிய முன்னறிவிப்பாக ஒரு வாலிபர் விளக்கிக்கொண்டிருந்தார். மத்தேயு 2:15 அதை எடுத்தாள்வதால் அவர் உறுதியாகவே பேசினார். பின்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் அடுத்த வசனத்தைச் சத்தமாக வாசித்தார்: “பாகால்களுக்குப் பலியிட்டு, விக்கிரகங்களுக்குத் தூபங்காட்டினார்கள்.” வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. அந்தக் ‘குமாரன்’ இஸ்ரவேல் ஜனம்; ஓசியா பேசுவது நடந்துமுடிந்த யாத்திரையைப் பற்றி.

அப்படியானால் மத்தேயு தவறாக எடுத்தாண்டாரா? இல்லை என்பதே என் முடிவு. ஆனால் அதை விளக்க, பகுதிகள் எல்லாம் ஒரே வகை அல்ல என்பதை முதலில் ஏற்கவேண்டும். மீகா 5:2 போன்றவை வரப்போகும் ஒருவரைப் பற்றி நேராகவே பேசுகின்றன. 2 சாமுவேல் 7 போன்றவை ஒரு வம்சத்துக்குத் தரப்பட்ட வாக்குத்தத்தங்கள். முதலில் சாலொமோனைத் தொட்டு, அவனோடு முடியாமல் நீள்கின்றன. ஓசியா 11:1 போன்றவை முன்னடையாளங்கள்: முன்பு நடந்த ஒன்று, பின்பு நடப்பதற்கு வடிவம் தருகிறது. ‘முன்னடையாளம்’ என்ற சொல்லையே ரோமர் 5:14 ஆதாமைக் குறித்துப் பயன்படுத்துகிறது. இஸ்ரவேல் தவறிய பாதையில் குமாரனாகிய இயேசு மறுபடி நடந்து நிறைவாக்குகிறார் என்பதே மத்தேயுவின் வாதம். ‘நிறைவேறுதல்’ என்ற நம் சொல்லுக்குள்ளேயே ‘நிறைவு’ இருப்பதை மறந்து, சொன்னது அப்படியே பலித்தல் என்று மட்டும் அதைச் சுருக்கிக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

ஆகவே இடப்பக்கத்தின் அடியில், இந்தப் பகுதி நேர் முன்னறிவிப்பா, வம்ச வாக்குத்தத்தமா, முன்னடையாளமா என்று எழுதுங்கள். முடிவு தெரியவில்லையானால் கேள்விக்குறி போடுங்கள். ஏசாயா 7:14க்கு என் நோட்டில் பல ஆண்டுகளாகக் கேள்விக்குறி இருந்தது; சீரியாவின் ராஜா ரேத்சீனும் இஸ்ரவேலின் ராஜா பெக்காவும் எருசலேமை மிரட்டிய நாட்களில் யூதாவின் ராஜா ஆகாஸுக்குத் தரப்பட்ட அடையாளம் அது என்பதை 7:16 விடாமல் நினைவூட்டிக்கொண்டே இருந்தது.

6. ‘அவன்’, ‘அவர்’ என்ற வேறுபாட்டைக் கவனித்தல்

தமிழில் வாசிப்பவருக்கு உள்ள ஒரு தடுமாற்றம் இது. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் மரியாதைப் பன்மை இந்த வகையில் இல்லை. ராஜாவுக்கும் அடிமைக்கும் ஒரே பிரதிப்பெயர்தான். தமிழில் மொழிபெயர்ப்பவர் ‘அவன்’ என்று எழுதவா, ‘அவர்’ என்று எழுதவா என்று ஒவ்வொரு வசனத்திலும் முடிவெடுத்தாகவேண்டும். அந்த முடிவிலேயே பொருள்கோள் புகுந்துவிடுகிறது.

2 சாமுவேல் 7:14ஐப் பாருங்கள்: “நான் அவனுக்குப் பிதாவாயிருப்பேன், அவன் எனக்குக் குமாரனாயிருப்பான்.” இதே வாக்கியத்தை எபிரெயர் 1:5 எடுத்தாளும்போது பழைய திருப்புதலில் வருவது: “நான் அவருக்குப் பிதாவாயிருப்பேன், அவர் எனக்குக் குமாரனாயிருப்பார்.” மூலத்தில் மாறாத சொல் தமிழில் மாறியிருக்கிறது. முன்னதில் மொழிபெயர்ப்பாளரின் மனதில் சாலொமோன், பின்னதில் இயேசு. சாமுவேலின் வசனம் அடுத்த மூச்சிலேயே “அவன் அக்கிரமம் செய்தால்” என்று தொடர்வதால் ‘அவன்’ அங்கே பொருத்தமானதே.

ஆதியாகமம் 3:15இல் ஸ்திரீயின் வித்தைக் குறித்து “அவர் உன் தலையை நசுக்குவார்” என்று வாசிக்கும் தமிழ் வாசகர், அது மேசியாவைப் பற்றியது என்ற முடிவோடே அதிகாரத்தைக் கடந்துவிடுகிறார். முடிவு சரியாக இருக்கலாம். ஆனால் அது வாசகரின் ஆராய்ச்சியால் வந்ததன்று, மரியாதை விகுதியால் வந்தது. ‘அவர்’ என்று வரும் இடங்களில் பென்சிலால் அடிக்கோடிட்டு, ‘அவன்’ என்று மாற்றி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. மாற்றிய பிறகும் வசனம் ஒரு சாதாரண மனிதனுக்குள் அடங்க மறுத்தால், அந்த மறுப்பே உண்மையான சான்று. அதை இடப்பக்கத்தில் எழுதுங்கள்.

7. எடுத்தாண்ட சொற்களை ஒப்பிடுதல்

இப்போது வலப்பக்கத்துக்கு வரலாம். மேற்கோளையும் மூலத்தையும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது, எது விடப்பட்டிருக்கிறது, எது சேர்ந்திருக்கிறது என்று குறியுங்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்தப் படியில் பதறிப்போகிறார்கள்.

மாற்றங்களுக்குப் பொதுவான காரணம், புதிய ஏற்பாட்டு எழுத்தாளர்கள் பல இடங்களில் எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் கிரேக்கப் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுப்பதுதான். ஏசாயா 7:14இல் எபிரெயச் சொல் இளம்பெண் என்ற பொருளுடையது. கிரேக்க மொழிபெயர்ப்பு கன்னி என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. மத்தேயு 1:23 கிரேக்கத்தைப் பின்பற்றுகிறது. நம் வேதாகமம் இரண்டு இடத்திலும் ‘கன்னிகை’ என்றே எழுதியிருப்பதால் இந்தக் கேள்வி தமிழ் வாசகரின் கண்ணில் படுவதில்லை.

வேறு சில மாற்றங்களோ வேண்டுமென்றே செய்யப்பட்டவை. பெத்லெகேம் “சிறியதாயிருந்தும்” என்று மீகா 5:2 சொல்ல, மத்தேயு 2:6 “நீ சிறியதல்ல” என்கிறது. ஆளுகிறவர் பிறந்த பிறகு அந்த ஊரின் நிலை மாறிவிட்டது என்பதே மாற்றத்தின் கருத்து. அந்த மேற்கோளின் கடைசிப் பகுதி மீகாவிலிருந்து வரவில்லை. தாவீதைப் பற்றிய 2 சாமுவேல் 5:2இன் சொற்களை அது எதிரொலிக்கிறது.

எல்லாவற்றிலும் நுட்பமானது லூக்கா 4:18–19. நாசரேத் ஜெப ஆலயத்தில் ஏசாயா 61ஐ வாசித்த இயேசு, “கர்த்தருடைய அநுக்கிரக வருஷத்தை” என்ற இடத்தில் புத்தகத்தைச் சுருட்டிவிட்டார். மூலத்தில் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாளைப் பற்றி அது தொடர்கிறது. நடுவாக்கியத்தில் நிறுத்திவிட்டு, “இந்த வேதவாக்கியம் இன்றையத்தினம் நிறைவேறிற்று” என்றார். “நொறுங்குண்டவர்களை விடுதலையாக்கவும்” என்ற சொற்களோ ஏசாயா 58:6ஐச் சேர்ந்தவை. அபிஷேகம்பண்ணப்பட்டவரின் வேலை எது, அதில் இப்போது தொடங்கியது எது, இன்னும் தொடங்காதது எது என்பதை அந்த நிறுத்தமே காட்டுகிறது. இதை வலப்பக்கத்தில் எழுதாமல் தாண்டவேண்டாம். யோவான்ஸ்நானன் சிறையிலிருந்து “வருகிறவர் நீர்தானா” என்று ஆளனுப்பிக் கேட்டதன் பின்னணியும் பெரும்பாலும் இதுதான்.

சில முடிச்சுகளை அவிழ்க்காமலே விடலாம். “நசரேயன் என்னப்படுவார்” என்ற மத்தேயு 2:23க்கு நேரான வசனம் பழைய ஏற்பாட்டில் இல்லை. ஏசாயா 11:1இல் கிளை என்பதற்கான எபிரெயச் சொல்லின் ஒலியோடு பலர் அதை இணைக்கிறார்கள். முப்பது வெள்ளிக்காசைப் பற்றிய சொற்கள் சகரியா 11ஐ ஒத்திருக்க, மத்தேயு 27:9 எரேமியாவின் பெயரைச் சொல்லுகிறது. இப்படிப்பட்ட இடங்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாகச் சேர்த்துவையுங்கள். முதல் சுற்றிலேயே இவற்றில் மாட்டிக்கொண்டால் மற்ற எட்டுப் பகுதிகளும் நகராது.

8. ஒரு முழுப் பக்கம்: சங்கீதம் 110:1

புதிய ஏற்பாடு மிக அதிகமாக எடுத்தாளும் பழைய ஏற்பாட்டு வசனம் இது. இரண்டு பக்கங்களும் எப்படி நிறையவேண்டும் என்பதற்கு இதையே மாதிரியாகக் காட்டுகிறேன்.

இடப்பக்கம்: “கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி: நான் உம்முடைய சத்துருக்களை உமக்குப் பாதபடியாக்கிப்போடும்வரைக்கும், நீர் என்னுடைய வலதுபாரிசத்தில் உட்காரும் என்றார்.” தலைப்பு இதைத் தாவீதின் சங்கீதம் என்கிறது. பேசுகிறவர் கர்த்தர், அமர்த்தப்படுகிறவர் ஒரு ராஜா, நான்காம் வசனத்தில் அவரே மெல்கிசேதேக்கின் முறைமையில் ஆசாரியரும் ஆகிறார். அரண்மனைப் புலவன் ஒருவன் தன் ராஜாவை ‘என் ஆண்டவர்’ என்று பாடியதாக எடுத்தால் வசனம் எளிதாகிவிடுகிறது. பாடியவர் தாவீதே என்றால், ராஜாவாகிய அவருக்கு மேல் ‘என் ஆண்டவர்’ யார்? இந்தக் கேள்வியை எழுதி, விடை எழுதாமல் விடுங்கள்.

இங்கே மொழிபெயர்ப்பு ஒரு கண்ணி வைக்கிறது. பழைய திருப்புதலில் ‘கர்த்தர்’ என்பது தேவனுடைய தனிப்பெயருக்கு நிற்கிறது; ‘ஆண்டவர்’ என்பது அழைக்கப்படுகிறவர். திருவிவிலியத்திலோ ‘ஆண்டவர்’ என்பதே தேவனுடைய பெயருக்கு நிற்கிறது. இந்த இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பயன்படுத்தும் இரு சபையாரும் சேர்ந்து அமர்ந்த ஒரு வகுப்பில், ‘ஆண்டவர்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் வாதிட்டார்கள். ஒருவருக்கு அது பேசுகிறவரையும் மற்றவருக்கு அது கேட்கிறவரையும் குறித்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

வலப்பக்கம், முதல் வரி: மாற்கு 12:35–37. கிறிஸ்து தாவீதின் குமாரன் என்பதை இயேசு அங்கே மறுக்கவில்லை. அந்தப் பட்டம் போதுமா என்று கேட்கிறார். தாவீதே அவரை ஆண்டவர் என்று சொல்லியிருக்க, அவர் தாவீதுக்கு வெறும் குமாரனாக எப்படி இருக்கமுடியும்? அவர் விடை சொல்லவில்லை என்பதையும் குறியுங்கள். இந்த வரிக்கு எண் 1.

இரண்டாம் வரி: மாற்கு 14:62. நீ கிறிஸ்துவா என்று பிரதான ஆசாரியன் கேட்டபோது, வலதுபாரிசத்தில் வீற்றிருப்பதையும் (சங்கீதம் 110) மேகங்கள்மேல் வருவதையும் (தானியேல் 7:13) இயேசு ஒரே வாக்கியத்தில் சேர்த்துத் தமக்கென்று சொல்கிறார். ஆசாரியன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டதே, அந்தக் கூற்றின் அளவு அங்கிருந்தவர்களுக்குப் புரிந்தது என்பதற்குச் சாட்சி. இது எண் 2.

மூன்றாம் வரி: அப்போஸ்தலர் 2:34–36. “தாவீது பரலோகத்திற்கு எழுந்துபோகவில்லையே” என்று பேதுரு தொடங்குகிறார். அதற்குச் சற்றுமுன் சங்கீதம் 16ஐயும் இதே வழியில்தான் கையாளுகிறார்: தாவீது மரித்தான், அவனுடைய கல்லறை இந்நாள்வரை நம்மிடத்தில் இருக்கிறது, ஆகவே அழிவைக் காணாதவரைப் பற்றிய சொற்கள் அவனோடு முடியவில்லை. ஐந்தாம் படியில் நாம் கேட்ட கேள்வியைப் பேதுருவும் கேட்டிருக்கிறார் என்பதை இங்கே காணலாம்: இந்தச் சொற்கள் முதலில் உரியவருக்கு முழுமையாகப் பொருந்துகின்றனவா? அதன் பிறகே உயிர்த்தெழுதலைக் கண்ட சாட்சிகளை முன்வைத்து, இயேசுவைத் தேவன் “ஆண்டவரும் கிறிஸ்துவுமாக்கினார்” என்ற முடிவுக்கு வருகிறார்.

9. ஏசாயா 53ஐத் தனியே எடுத்தல்

இதை முதலில் எடுக்க எல்லாரும் ஆசைப்படுவார்கள். ஏழாவது அமர்வுக்குமுன் எடுக்கவேண்டாம். ‘தாசன்’ யார் என்ற கேள்வி 53ஆம் அதிகாரத்தில் தொடங்கவில்லை என்பதே காரணம். 41:8இல் இஸ்ரவேலே தாசன், 49:3இலும் அப்படியே. ஆனால் 49:5–6இல் அதே தாசன் யாக்கோபைத் தேவனிடத்தில் திருப்புகிறவனாக, இஸ்ரவேலுக்கு எதிரே நிற்கிறான். இந்த இழுபறியை 42, 49, 50 ஆம் அதிகாரங்களில் கண்ட பிறகு 52:13க்கு வருகிறவருக்குத்தான் 53:6இன் ‘நாம்’ என்பதற்கும் ‘அவர்’ என்பதற்கும் உள்ள இடைவெளி புரியும்.

யூத வாசகர்கள் பலர் இந்தத் தாசனைத் துன்புறும் இஸ்ரவேலாகவே வாசிக்கிறார்கள். இடைக்கால உரையாசிரியர் ராஷியும் அவர்களில் ஒருவர். 41:8ஐக் காட்டி அவர்கள் சொல்வது ஆதாரமற்றதன்று. அந்த வாசிப்பை இடப்பக்கத்தில் நேர்மையாக எழுதியபிறகே, ஜனத்தின் மீறுதலுக்காக அடிக்கப்படுகிறவர் அந்த ஜனமாகவே எப்படி இருக்கமுடியும் என்ற எதிர்க்கேள்வியை 53:8இலிருந்து எழுதுங்கள்.

இந்த அதிகாரம் கிறிஸ்தவர்களால் பின்னர் எழுதிச் சேர்க்கப்பட்டதோ என்ற ஐயத்துக்கு விடை எளிது. சாக்கடலருகே உள்ள கும்ரான் குகையில் 1947இல் கிடைத்த பெரிய ஏசாயாச் சுருள், கிறிஸ்துவுக்கு நூறாண்டுக்கும் மேல் முற்பட்டது. 53ஆம் அதிகாரம் அதில் இருக்கிறது. சுருளின் காலம் அந்த ஐயத்தை மட்டுமே தீர்க்கிறது. அது முதற்கேள்விக்கு உதவும், இரண்டாவதற்கு உதவாது.

10. சாட்சிகளை நீதிமன்ற முறையில் நிறுத்துதல்

எட்டுப் பகுதிகளும் முடிந்தபின் யோவான் 5:31–47ஐ வாசியுங்கள். இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கினால் காரியம் நிலைவரப்படும் என்ற உபாகமம் 19:15 இதன் பின்னணியில் இருக்கிறது. யோவான்ஸ்நானன், இயேசுவின் கிரியைகள், அவரை அனுப்பின பிதா, வேதவாக்கியங்கள், மோசே என்று சாட்சிகள் அங்கே அணிவகுக்கின்றன.

“வேதவாக்கியங்களை ஆராய்ந்துபாருங்கள்” என்ற 5:39ஐ மட்டும் பிரித்தெடுத்து, வேதவாக்கியமே ஒரே சாட்சி என்று நினைப்பது பிழை. பழைய ஏற்பாட்டு வசனங்களைக்கொண்டு மட்டும் இயேசுவே மேசியா என்று நிறுவ முயல்பவர், இரண்டாம் கேள்விக்கு முதற்கேள்வியின் ஆதாரத்தைக் கொடுக்கிறார். நோட்டில் எண் 2 இட்ட வரிகளை மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாள் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தால், நான்கு சுவிசேஷங்களுக்குத் திரும்பவேண்டும்.

11. திரும்பத் திரும்ப நடக்கும் பிழைகள்

வசனப் பட்டியலில் நம்பிக்கை வைப்பது முதலாவது. நிறைவேறிய தீர்க்கதரிசனங்கள் 300க்கும் மேல் என்ற பட்டியல்கள் கைக்குக் கை மாறுகின்றன. நானும் முதல் ஆண்டு அப்படி ஒன்றை நகலெடுத்து வகுப்பில் கொடுத்தேன். சகரியாவில் ஒரு வசனத்தைக் காட்டி, இதற்கு முந்தைய வசனம் என்ன சொல்கிறது என்று ஒருவர் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நன்றாகத் தெரிந்த எட்டுப் பகுதிகள் தெரியாத முந்நூறைவிடத் தாங்கும்.

இரண்டாவது, மேசியா வரும் காலத்தைக் கணிக்க எடுக்கப்படும் தானியேல் 9இன் எழுபது வாரக் கணக்கில் தொடங்குவது. எருசலேமைத் திரும்பக் கட்டுவதற்கான எந்தக் கட்டளையிலிருந்து எண்ணுவது என்பதிலேயே வாசகர்கள் பிரிகிறார்கள். கணக்கு கடைசியில் வரட்டும்.

மூன்றாவது, சங்கீதம் 22:16ஐ மையச் சான்றாக நிறுத்துவது. கைகளையும் கால்களையும் ‘உருவக் குத்தினார்கள்’ என்ற வாசகம் கிரேக்க மொழிபெயர்ப்போடு ஒத்துப்போகிறது. வழக்கிலுள்ள எபிரெயப் பிரதி ‘சிங்கத்தைப்போல’ என்று வாசிக்கிறது. அந்த வசனத்தைப் புதிய ஏற்பாட்டு எழுத்தாளர் எவரும் எடுத்தாளவில்லை. அவர்கள் எடுத்தவற்றில் முதல் வசனமும் (மத்தேயு 27:46) பதினெட்டாம் வசனமும் (யோவான் 19:24) அடங்கும். அவர்கள் நின்ற இடத்தில் நாமும் நிற்பது பாதுகாப்பானது.

12. பிறருக்கு விளக்கும்போது

ஏசாயா 53ஐ வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரி, சுவிசேஷகனாகிய பிலிப்புவிடம் கேட்டது (அப்போஸ்தலர் 8:34) இன்றும் முதற்கேள்வியே: “தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார்? தம்மைக்குறித்தோ, வேறொருவரைக்குறித்தோ?” பிலிப்பு தமக்குப் பிடித்த வசனத்துக்குத் தாவவில்லை, மந்திரி திறந்துவைத்திருந்த இடத்திலேயே தொடங்கினார். கேட்பவர் எந்தப் பகுதியோடு வருகிறாரோ அதன் இடப்பக்கத்தை முதலில் வாசித்துக் காட்டுங்கள். அவர் ஒத்துக்கொண்ட பிறகே வலப்பக்கத்தைத் திருப்புங்கள்.

நோட்டில் இல்லாத பகுதியை அவர் காட்டினால், அங்கேயே விடை சொல்ல முயலவேண்டாம். அடுத்த வாரம் சேர்ந்து வாசிக்கலாம் என்று சொல்லி, அவர் கண்முன்னே புதிய இடப்பக்கம் ஒன்றைத் திறந்து, வசன எண்ணை மேலே எழுதித் தேதியிட்டுக்கொள்ளுங்கள்.